மேட்டுத் தோட்டத்துப் பச்சை

மே மாதத்தில் மட்டும் பத்தொன்பது நாள் மழை. வருஷம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்ட பார்சலோனாவுக்குப் பக்கத்துப் பெனதேஸ் சீமையின் திராட்சைக்காரர்களுக்கு முதல் வாரம் அது வரமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாம் வாரம் திராட்சை இலைகளின் மேல் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடிச்சாம்பல் நோய்.

அந்த வருஷம்தான் தொற்று வந்து ஊரே அடைத்துக் கிடந்தது. விவசாயி தன் நிலத்துக்குப் போகலாம். அவசியமில்லாமல் அடுத்தவன் வாசலை மிதிக்கக் கூடாது. ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் பார்த்ததெல்லாம் போனில்தான்.

கரிகோசா பண்ணையில் இருந்தது இரண்டே பேர். ரெமெய்க்கு ஐம்பத்து மூன்று வயது, தம்பி நர்சிஸுக்கு நாற்பத்தாறு. ரெமெயின் புருஷன் பார்சலோனாவுக்குப் போனவன் போனவன்தான். நர்சிஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கொடிகள் அக்காவின் பொறுப்பு, நிலவறை தம்பியின் பொறுப்பு. அவள் பறித்துத் தருவதை அவன் ஒயினாக்கி, பாட்டிலில் அடைத்து, உள்ளேயே மறுபடியும் நொதித்து நுரை கட்டுவதற்காக மூன்று வருஷம் இருட்டில் படுக்கப்போடுவான். பாட்டிலின் மேல் கரிகோசா என்ற பெயரும், ‘இயற்கை முறை’ என்ற முத்திரையும் இருக்கும்.

அந்த முத்திரை ரெமெய் போராடி வாங்கியது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, அப்பா காலமான கையோடு, பண்ணையில் ரசாயன மருந்துகளை அவள் நிறுத்தினாள். களை முழங்கால் உயரம் வளர்ந்தது. பக்கத்துத் தோட்டக்காரன் ஜசிண்ட் வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, “ஏம்மா ரெமெய், ஆடு வளக்கப் போறியா?” என்று கேட்டான். ஊரே சிரித்தது. ஆறு வருஷம் கழித்து அதே ஊர் அவளிடம் வந்து யோசனை கேட்டது. இப்போது சுற்றுவட்டாரத்தில் பதினேழு குடும்பங்கள் இயற்கை முறையில் செய்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ரெமெய் சொன்னால் சரி.

இயற்கை முறைக்காரனுக்கு அடிச்சாம்பலை எதிர்க்கக் கையில் இருப்பது மயில்துத்தம் என்ற செம்பு உப்பு மட்டும். அதுவும் இலையின் மேல் போர்த்திய துணி மாதிரி. மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிக்க வேண்டும். வருஷத்துக்கு இவ்வளவுதான் அடிக்கலாம் என்று கணக்கும் உண்டு. கரிகோசா பண்ணையில் அந்த அளவு மே இருபத்தெட்டாம் தேதியோடு தீர்ந்தது. ஜூன் முதல் வாரம் கீழ்த் தோட்டம் போயிற்று. பூத்து முடிந்த கொத்துகள் பழுப்பாகிச் சுருண்டு, தொட்டால் மூக்குப்பொடி போல உதிர்ந்தன. அடுத்த மழையில் ஓடைத் தோட்டமும் போயிற்று.

மிஞ்சியது மேட்டுத் தோட்டம். காற்றாடும் இடம் என்பதால் அங்கே நோய் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. வரிசைக்கு நாலைந்து இலையில் மஞ்சள் வட்டம்.

ரெமெய் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். தக்காளி தேய்த்த ரொட்டி தட்டில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அவள் சாப்பிட்டதாக நர்சிஸுக்கு நினைவில்லை.

“ஒரு வாய் சாப்பிடேன்.”

“மேட்டுத் தோட்டமும் போச்சுன்னா இயந்திரத்தக் கூப்பிட்டு எல்லாக் கொடியையும் பிடுங்கச் சொல்லிடுவேன், நர்சிஸ்.”

“சும்மா பேசாத.”

“சும்மா இல்ல. பதினெட்டு வருஷம் எல்லாரையும் நான்தான் இந்த வழிக்கு இழுத்துட்டு வந்தேன். இப்ப அவங்க ஒவ்வொருத்தரும் போன் பண்ணி, என்ன பண்றது ரெமெய்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல? மழைகிட்ட மன்னிப்புக் கேளுங்கன்னு சொல்லவா?” அவள் எழுந்து சாக்கை எடுத்துக்கொண்டாள். “ஓடைப் பக்கம் குதிரைவால் பூண்டு நிறைய இருக்கு. காஞ்சொறியும் இருக்கு. ரெண்டையும் காய்ச்சி அடிக்கிறேன்.”

“கஷாயத்துல இது நிக்காதுன்னு நீயே சொல்லியிருக்க.”

“வேற என்ன இருக்கு? சொல்லு, அடிக்கிறேன்.”

 அவனுக்குத் தோன்றிய பதில் அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

அன்று பிற்பகல் வேலியோரம் போனபோது ஜசிண்ட் தன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய கொடிகள் படத்தில் வரைந்தது போலப் பச்சையாக நின்றன.

“என்னடா நர்சிஸ், உங்கக்கா ஜெபம் பண்ணி முடிச்சாச்சா? என் தோட்டத்தப் பாரு. பாவம் பண்றவன் தோட்டம்தான் எப்பவும் பச்சையா இருக்கும்.”

நர்சிஸ் சிரிக்கவில்லை. “உன்கிட்ட இருக்கறதுல, இலைக்குள்ள போய் வேலை செய்ற மருந்து எது?” என்றான்.

ஜசிண்ட் குழாயை மூடினான்.  பிறகு கிண்டலை எல்லாம் விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய் இரண்டு கேன்களோடு வந்தான். “நான் எதையும் பாக்கல. நீயும் எங்கிட்ட எதுவும் கேக்கல. முகத்துல துணி கட்டிக்கோ.”

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. ரெமெய் இரண்டு நாளாகக் காய்ச்சி வடிகட்டிய கஷாயம் டிராக்டரின் டேங்கில் தயாராக இருந்தது. டிராக்டர் ஓட்டுவது எப்போதும் நர்சிஸ்தான். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் சேர்க்க நிறுத்தியபோது, கேன்களின் மூடியைத் திறந்து அந்தக் கஷாயத்திலேயே ஊற்றினான்.    இந்தத் தோட்டம் மட்டும் பிழைக்கட்டும், அவள் சாப்பிடட்டும், அறுவடை முடிந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியை மேட்டில் ஏற்றினான்.

மருந்து அடித்த எட்டாம் நாள் அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டு, ஏதோ விபத்து என்றுதான் நிலவறையிலிருந்து ஓடி வந்தான். ரெமெய் மேட்டுத் தோட்டத்தின் நடுவில் மண்டியிட்டிருந்தாள்.

“வந்து பாரு, சிசோ!” சின்ன வயசில் கூப்பிட்ட பெயர். பத்து வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயில் அவன் கேட்டதில்லை. “புது இலை ஒண்ணுலகூட இல்ல. பழைய வட்டமெல்லாம் காஞ்சு நின்னுபோச்சு. திருப்பிப் பாரு, அடியில ஒண்ணுமில்ல!”

அவன் தோளில் முகத்தை வைத்து அவள் விசும்பி அழுதாள். காஞ்சொறி பறித்துப் பறித்து அவள் இரண்டு கையும் தடித்துச் சிவந்து கிடந்தன. நர்சிஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஒன்று சொன்னது. அன்று மத்தியானம் அவள் இரண்டு தட்டுக் கொண்டைக்கடலை சாப்பிட்டதைப் பார்த்த பிறகு அந்தக் குரலும் அடங்கிப்போனது.

சாப்பிட்ட கையோடு ரெமெய் போனை எடுத்து, பதினேழு குடும்பத்தின் குழுவில் பேசிப் பதிவு செய்தாள். வெயில் காலத்துக் குருவி போல இருந்தது அவள் குரல். “எல்லாரும் கேளுங்க. நானே நம்பல, ஆனா கண்ணால பாத்துட்டேன். குதிரைவால் ரெண்டு பங்கு, காஞ்சொறி ஒரு பங்கு. ஒரு நாள் ஊறவிட்டு, கொதிக்கவிட்டு...” அளவெல்லாம் சொன்னாள். கூடவே மேட்டுத் தோட்டத்தின் படத்தையும் அனுப்பினாள். பழுத்துக் கருகிய இரண்டு தோட்டங்களுக்கு மேலே, பச்சையாக ஒரு தோட்டம். அதைப் பார்த்த எவனும் நம்பத்தான் செய்வான்.

நர்சிஸ் வாசலில் நின்று அத்தனையும் கேட்டான்.  யார் இந்த நேரத்தில் ஓடையில் இறங்கிப் பூண்டு பறிக்கப் போகிறார்கள், யாரும் செய்யமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிலவறைக்குத் திரும்பினான்.

நாலு நாள் கழித்து ரெமெயின் போன் சமையலறை மேசையில் அடித்தது. அவள் ஓடைப் பக்கம் போயிருந்தாள். எடுத்தது நர்சிஸ். அழைத்தவள் தெக்லா. கடலோரப் பக்கம் புருஷன் ப்ரூவோடு ஏழெட்டு வருஷமாகப் பண்ணை நடத்துபவள். எல்லாவற்றையும் ரெமெயிடம் கற்றவள்.

“ரெமெய் இல்லையா? சரி, நீயும் கண்ணால பாத்தவன்தானே, உன்கிட்டயே கேக்கறேன். எங்கிட்ட இன்னும் ஒரே ஒரு தடவை அடிக்கற அளவுக்கு மயில்துத்தம் மிச்சம் இருக்கு. நாளன்னைக்கு மழைன்னு சொல்றாங்க. டிராக்டர் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கையில இருக்கும். ஒண்ணுதான் அடிக்க முடியும். கஷாயத்த அடிச்சுட்டு, மயில்துத்தத்தப் பின்னாடிக்கு வெச்சுக்கலாம்னு ப்ரூ சொல்றான். என்ன சொல்ற?”

“மயில்துத்தத்த அடி” என்றான் நர்சிஸ். 

“ஏன்? உங்களுக்குக் கஷாயம் கேட்டுச்சே?”

“கேட்டுச்சு. ஆனா... எங்க மேடு வேற, உங்க மண்ணு வேற.”

“மண்ணா? இலைல அடிக்கறதுக்கு மண்ணு என்ன செய்யும்?” தெக்லா சிரித்தாள். “நீங்க நிலவறை ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். பச்சிலைன்னா உங்களுக்கு இளக்காரம். நேரா சொல்லு, அது வேலை செஞ்சுதா இல்லையா?”

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஜன்னல் வழியே மேட்டுத் தோட்டம் தெரிந்தது; அதன் மேல் லேசாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“செஞ்சுது” என்றான்.

மழை சொன்ன நாளில் வந்தது. நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை தெக்லா குழுவில் படங்கள் போட்டாள்.  வரிசை வரிசையாகப் பழுப்பு. கொத்துகள் முடிச்சுப்போட்ட பழைய கயிறு மாதிரித் தொங்கின. அன்று மதியத்துக்குள் இன்னும் நாலு குடும்பங்களிலிருந்து படம் வந்தது.

ரெமெய் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “கொதி பத்தாம போயிருக்கும். இல்ல, நான் அளவச் சொன்னது சரியா விழல. நானே காய்ச்சி எடுத்துட்டுப் போறேன், போலீஸ் தடுத்தா தடுக்கட்டும்.” மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள்.

நர்சிஸ் பின்னாலேயே போனான். அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் பூண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ரெமெய்.”

“அந்தச் சாக்கப் பிடி.”

“கஷாயம் இல்ல, ரெமெய்.”

“என்ன?”

“மேட்டுத் தோட்டம் பிழைச்சது கஷாயத்தால இல்ல. ஜசிண்ட்கிட்ட மருந்து வாங்கி நான் டேங்க்ல ஊத்தினேன்.”

அவள் குனிந்த வாக்கிலேயே நின்றாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது. கையில் பிடித்திருந்த பூண்டை மட்டும் விடவில்லை.

“எவ்வளவு?”

“ரெண்டு கேன்.”

“தோட்டம் முழுக்கவா?”

“முழுக்க.”

“அன்னைக்கு உன் தோள்ல சாஞ்சு அழுதேனே நர்சிஸ். அப்பக்கூடவா உனக்கு வாய் வரல?”

“அப்பதான் வரவே இல்ல.”

“தெக்லா?”

“எங்கிட்ட கேட்டா. நீ இல்லாதப்ப. வேலை செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுதுன்னேன்.”

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெமெய் கரையேறி, ஈரக்கையைக் கோட்டில் துடைத்து, போனை எடுத்தாள். 

“ரெமெய் பேசறேன். கஷாயத்த நம்பாதீங்க. மயில்துத்தம் கைவசம் இருக்கறவங்க இன்னைக்கே அடிங்க. மேட்டுத் தோட்டத்துல நாங்க ரசாயனம் அடிச்சிருக்கோம். நான் அனுப்பின படம் அதோட படம்தான். சான்று அலுவலகத்துக்கு நானே இன்னைக்கு எழுதறேன். மன்னிப்புக் கேக்க எனக்கு முகம் இல்ல.”

“நான்னு சொல்லு” என்றான் நர்சிஸ். “நான்தான் பண்ணினேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்லு.”

“வெளியில இருக்கறவங்களுக்கு நீ என்ன, நான் என்ன? கரிகோசா.” சாக்கை அங்கேயே விட்டுவிட்டு அவள் மேடேறிப் போனாள்.

குழுவில் அன்று பதில் போட்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் ‘சரி’ என்று எழுதினார். ஒருவர் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. மூன்றாமவர், முதல் வருஷத்திலிருந்து ரெமெயோடு நின்றவர், குழுவை விட்டு விலகிக்கொண்டார்.

தெக்லா பதில் எழுதவில்லை. மறுநாள் நர்சிஸே அவளுடைய பண்ணைக்குப் போனான். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி எங்கே என்று கேட்டதற்கு, “தோட்ட வேலை” என்றான். தெக்லா வரிசை முனையில் முகக்கவசத்தோடு நின்றிருந்தாள். ப்ரூ வண்டியைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“அங்கேயே நில்லு. தொத்துக்காகச் சொல்லல. கிட்ட வராத.”

அவன் நின்றான். வரும் வழியெல்லாம் கோத்து வைத்த பேச்சு ஒன்றும் மிச்சமில்லை. “மருந்த ஊத்தினது நான்தான், ரெமெய்க்குத் தெரியாது. நிலவறையில மூணு வருஷத்துப் பாட்டில் இருக்கு. உனக்கு எத்தனை வேணுமோ...”

“உன் பாட்டில நான் என்ன பண்ண? என் பேர ஒட்டி வித்துக்கவா? பொய்க்கு மேல பொய்யா?” அவள் குரல் உயரவில்லை. “உங்கக்காகிட்ட கேட்டு அவ தெரியாம சொல்லியிருந்தா, விதின்னு விட்டிருப்பேன். உன்கிட்ட கேட்டேன். போன நீதான் எடுத்த. தெரிஞ்சும் செஞ்சுதுன்ன.”

“ஆமா.”

“ஏன்?”

அவன் யோசித்தான். உண்மையைத்தான் சொன்னான். “அவ சாப்பிட ஆரம்பிச்சிருந்தா.”

 “எங்க வீட்லயும் ரெண்டு குழந்தைங்க சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரிசைக்குள் நடந்துபோனாள்.

மேட்டுத் தோட்டத்தின் முத்திரை மூன்று வருஷத்துக்குப் பறிபோனது. செப்டம்பரில் அங்கே கொடி தாங்காத விளைச்சல். பக்கத்தூர்ப் பெரிய ஒயின் ஆலையின் லாரி வந்து, ஜசிண்டின் திராட்சையோடு ஒன்றாகக் கொட்டி அள்ளிக்கொண்டு போனது. கீழ்த் தோட்டத்திலும் ஓடைத் தோட்டத்திலும் சேர்த்து ரெமெய் பொறுக்கியது பதினோரு கூடை. அந்த வருஷத்துக்கென்று நிலவறையில் ஒரு பாட்டில்கூடப் படுக்கவில்லை. ஜசிண்ட் வேலிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான்; வந்தாலும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான்.

ரெமெய் தம்பியோடு பேசாமல் இல்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது, பம்பு ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது என்று பேசினாள். டிராக்டரின் சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. சிசோ என்றும் அவள் கூப்பிடவில்லை.

ஜனவரியில் தெக்லா கொடிகளைப் பிடுங்கப்போகிறாள் என்று செய்தி வந்தது. நிலம் கைமாறிவிட்டதாம். ப்ரூ ஏற்கெனவே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நர்சிஸ் காலை எட்டு மணிக்கு அங்கே போய் நின்றான். இயந்திரம் வருவதற்கு முன் கொடி தாங்கும் கம்பிகளை எல்லாம் கழற்றிச் சுருட்ட வேண்டும். தெக்லா தனியாகக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை முறுக்கிக்கொண்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். போ என்று சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

“அந்த முனையப் பிடி” என்றாள்.

மத்தியானம் வரை கம்பி சுருட்டினார்கள். “தளத்து.” “இழு.” “நில்லு, முள்ளாணி இருக்கு.” இவ்வளவுதான் பேச்சு. அவனுடைய கையுறை கிழிந்து உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. அதை அவள் பார்த்துவிட்டு அடுத்த கம்பிக்கு நகர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு வரிசை முனையிலும் அவன் மறுமுனையிலும் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்கள். குளிர்காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. இலை இல்லாத கொடிகள் பிடிமானம் போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

நாலு மணிக்கு வெளிச்சம் மங்கியதும் தெக்லா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

“நாளைக்கும் வரியா?”

“வரேன்.”

“இன்னும் பதினாலு வரிசை இருக்கு” என்றாள் அவள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நர்சிஸ் அந்தப் பதினாலு வரிசையையும் மூன்று நாளில் சுருட்டி முடித்தான். நாலாம் நாள் காலை இயந்திரம் வந்தது. முதல் கொடி வேரோடு மேலே வந்தபோது, தெக்லா பார்க்க விரும்பாமல் வீட்டுக்குள் போய்விட்டாள். அவன் கடைசிக் கொடி வரை நின்று பார்த்தான்.